'ஃபிரீக்வென்ஸி' படத்தில் அப்பாவும் மகனும் ரேடியோவில் பேசுவதில் எவ்வளவு நிஜம்?

திருநகர்வாசி:

ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானலையில் பேசுகிற ரேடியோ, வைத்திருப்பவர்கள் யாராவது இந்தப் பக்கம் இருக்கிறீர்களா? 2000-ல் வந்த 'ஃபிரீக்வென்ஸி' படத்தைப் பற்றி ஒரு சந்தேகம். கிரகரி ஹாப்லிட் இயக்கியது. அப்பாவாக டென்னிஸ் குவைட், மகனாக ஜிம் கவீசல்.

பார்க்காதவர்களுக்குக் கதை: நியூயார்க்கில் 1999-ல் போலீஸ் வேலை பார்க்கிற மகன், செத்துப்போன அப்பாவின் பழைய ரேடியோவை எடுத்து ஓட விடுகிறான். வானத்தில் துருவ ஒளி. மறுமுனையில் யாரோ பேசுகிறார். பேசப் பேசத்தான் தெரிகிறது, அது 1969-ல் அதே வீட்டில் அதே ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிற அவனுடைய அப்பா. தீயணைப்பு வீரர். சீக்கிரமே ஒரு கிடங்குத் தீயில் சாகப் போகிறவர்.

என் பையன் பதினொன்றாம் வகுப்பு. சின்ன வயதில் 'டிக் டிக் டிக்' படத்தை அவனுக்காகத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். ஜெயம் ரவியும் அவர் மகன் ஆரவும் அப்பா பிள்ளையாகவே நடித்தது. அதில் விண்வெளிக்குப் போன அப்பா மகனைக் காப்பாற்றப் பாடுபடுகிறார். இதில் அப்பாவைக் காப்பாற்ற மகன் பாடுபடுகிறான். வளர்ந்த பையனுக்கு இதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்துக் காட்டினேன். முடிந்ததும், "துருவ ஒளி வந்தா ரேடியோ நல்லா எடுக்குமாப்பா, இல்ல படத்துக்காகச் சொல்றதா?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். மதுரை சிம்மக்கல்லில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர் கை பட்ட வால்வு செட் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. மரப்பெட்டி, ஸ்டேஷன் சரியாக விழுகிறதா என்று காட்டுகிற பச்சை விளக்கு (மேஜிக் ஐ), டயல் கயிறு அறுந்து கிடக்கிறது. ரிப்பேர் முடிந்த செட்டுகளின் பின்பக்க அட்டையில் உள்பக்கமாகச் சூட்டுக்கோல் நுனியால் தேதியைப் பொறித்துவிடுவது அவர் பழக்கம். மை அழியும், சூடு அழியாது என்பார். இந்தச் செட்டிலும் இருக்கிறது. 7-ஐ எழுதி நடுவில் ஒரு கோடு போடுவார். அதுகூட அப்படியே இருக்கிறது. படத்தில் அப்பா சூட்டுக்கோலால் மேஜையில் எழுத, முப்பது வருடம் தள்ளி மகன் கண்ணெதிரே அதே மேஜையில் ஒவ்வொரு எழுத்தாகக் கருகிக் கருகி வருகிறதே, அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

படத்தில் வருகிற ரேடியோ விஷயத்தில் எது நிஜம்? அப்புறம், இந்தச் செட்டை இப்போது கரண்டில் போட்டுப் பார்க்கலாமா?

பசுமலை ஹாம்:

தம்பி, வணக்கம். நான் பசுமலை. தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். இளவயதிலேயே ஹாம் உரிமம் எடுத்துவிட்டேன். முதல் காரியமாக, அந்தச் செட்டை அவசரப்பட்டு கரண்டில் போட்டுவிடாதீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பையனின் கேள்வி. பாதி நிஜம், பாதி தலைகீழ்.

சிற்றலை வெகுதூரம் போவதற்குச் சூரியன்தான் காரணம், அது நிஜம். தலைக்கு மேலே 100 கிலோமீட்டர் தாண்டி 300, 400 கிலோமீட்டர் வரைக்கும் சூரியனின் புற ஊதாக்கதிர் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டுவிடுகிறது. அந்த அயனி மண்டலம் நம் சிற்றலையை மறுபடி பூமிக்கே வளைத்து அனுப்பும். சூரியனில் புள்ளிகள் கூடக் கூட அந்த மண்டலம் திடமாகும். அப்போது அலைநீளத்தை வைத்து 15 மீட்டர், 10 மீட்டர் என்று நாங்கள் சொல்கிற அலைவரிசைகளில் சின்ன செட்டை வைத்துக்கொண்டே கண்டம் விட்டுக் கண்டம் பேசலாம். புள்ளிகள் ஏறி இறங்க ஏறக்குறைய 11 வருடம். 1968 கடைசியில் ஓர் உச்சம், 2000, 2001 வாக்கில் இன்னோர் உச்சம். படத்தில் வருகிற 1969, 1999 இரண்டும் உச்சத்தை ஒட்டிய வருடங்கள். அந்த மட்டில் படம் எடுத்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

துருவ ஒளி விஷயம்தான் தலைகீழ். சூரியனிலிருந்து வெடித்து வருகிற துகள்கள் பூமியின் காந்தப் புலத்தைக் குலைத்து, துருவங்களைச் சுற்றி மேல்காற்றில் மோதுவதால் வருகிற வெளிச்சம் அது. பார்க்க அழகு, ஆனால் சிற்றலைக்கு அன்றைக்குக் கேடுகாலம். அயனி மண்டலமே கலங்கிப்போய், துருவத்தை ஒட்டிப் போகிற அலையை எல்லாம் விழுங்கிவிடும். வடக்கு நாட்டு ஹாம்கள் 2 மீட்டர் போன்ற அலைவரிசையில் ஆன்டெனாவை வடக்கே திருப்பி, அந்த ஒளித்திரையில் பட்டுத் தெறிக்க வைத்துப் பேசுவது உண்டு. ஆனால் குரல் கரகரத்துச் சிதைந்துதான் வரும். படத்தில் மாதிரி மூச்சு விடுகிற சத்தம் வரை துல்லியமாகக் கேட்காது.

நமக்கு அந்த வெளிச்சம் கண்ணில் படாது. 2024 மே 10, 11-ல் பெரிய சூரியப் புயல் வந்தபோது லடாக்கில் ஹான்லே வானம் சிவந்ததைக் கேமரா பிடித்தது. அன்றைக்கு நான் 20 மீட்டரில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வெறும் இரைச்சல். பையனை ஒருநாள் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப் போங்கள். 1899-ல் ஆரம்பித்தது. சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளியே பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான், இன்றைக்கும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்றுதான் சொல்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக அங்கே சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். 'ஃபிரீக்வென்ஸி'யில் வருகிற அப்பா 1969-ல் பேசிய காலத்துச் சூரியனும் அதில் இருக்கும். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரத்தில் போய்விடலாம்.

முப்பது வருடம் தள்ளிக் குரல் வருவது நடக்காது. ஆனால் கொஞ்ச நேரம் தள்ளி வந்திருக்கிறது! 1927-ல் நார்வேயில் யோர்கன் ஹால்ஸ் என்கிற பொறியாளர், ஹாலந்திலிருந்து வந்த சிற்றலை ஒலிபரப்பைக் கேட்கும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் சுமார் 3 விநாடி கழித்து ஓர் எதிரொலி வருவதைக் கவனித்தார். ரேடியோ அலை பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவர விநாடியில் ஏழில் ஒரு பங்குதான் ஆகும். அப்படியிருக்க 3 விநாடி எங்கே போயிருந்தது? அதற்குப் பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள், சிலருக்கு இன்னும் கூடத் தாமதம். விளக்கங்கள் பல உண்டு, எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்றுவரை இல்லை. உங்கள் பையனுக்கு இதைச் சொல்லுங்கள். படத்தை விட இது அவனைத் தூங்க விடாது.

இனி நான் சொல்ல நினைத்தது. ஹாமில் ஒருத்தர் பொத்தானை அமுக்கிப் பேசி முடித்து, கையை எடுத்தால்தான் அடுத்தவர் பேச முடியும். குறுக்கே விழுந்து பேச வழியே கிடையாது. பேசுகிறவர் முடிக்கிற வரைக்கும் கேட்டே ஆக வேண்டும். (படத்தில் எல்லா இடத்திலும் இதை ஒழுங்காகக் காட்டவில்லை, அது எனக்குக் குறைதான்.) நம் வீடுகளில் அப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் இரண்டாவது வார்த்தையில் ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்தப் படத்து அப்பனுக்கும் மகனுக்கும் எழுந்து போக இடமில்லை. தீயிலிருந்து தப்பித்த பிறகும் அப்பா சிகரெட்டால் நுரையீரல் புற்று வந்து சாகிறார் என்று மகனுக்குத் தெரிகிறது. அதை அப்பாவிடமே ரேடியோவில் சொல்கிறான். நேருக்கு நேர் எந்த மகன் அதைச் சொல்லி, எந்த அப்பா முழுசாகக் கேட்டிருக்கிறார்?

என் மகன் பெங்களூருவில் இருக்கிறான், அவனும் உரிமம் எடுத்தவன். போன் போட்டால் "சாப்பிட்டியா", "மழையா" தாண்டாது. ஞாயிறு காலை 40 மீட்டரில் வந்தால் இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுகிறோம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தெரிந்தும் பேசுகிறோம். அவன் வேலை மாறப் போவதை முதலில் என்னிடம் சொன்னது அங்கேதான். அதனால்தான் இந்தப் படம் எனக்கு நிஜம். வானத்து வெளிச்சம் எப்படியோ போகட்டும்.

மேலூர் செவிலி:

பசுமலை ஐயா சொன்னது அத்தனையும் படித்தேன். ஆனால் எல்லோரும் இதை அப்பா மகன் படம் என்றே பேசுகிறீர்கள். அந்த வீட்டில் ஓர் அம்மாவும் இருக்கிறார். அவர் ஒரு நர்ஸ். நானும் நர்ஸ் என்பதால் என் கண் அவர் மேலேயே இருந்தது.

மகன் அப்பாவைக் காப்பாற்றினதும் கதை எப்படித் திரும்புகிறது என்று கவனித்தீர்களா? முதலில் நடந்தபடி பார்த்தால், கணவன் இறந்துவிட்டதால் அந்த அம்மா அன்றைக்கு வார்டில் இல்லை. ஒரு நோயாளிக்குத் தவறான மருந்து போகிறது, அவன் இறந்துவிடுகிறான். இப்போது கணவன் உயிரோடு இருப்பதால் அவர் வேலைக்கு வருகிறார், மருந்து தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்துத் தடுக்கிறார், நோயாளி பிழைக்கிறான். அவன்தான் நர்ஸுகளையே தேடித் தேடிக் கொல்கிற கொலைகாரன். மூன்று கொலையோடு நின்றிருக்க வேண்டியது பத்தாகிறது. அதில் ஒருவர் அந்த அம்மா.

நைட் டியூட்டி முடிந்து ஒப்படைக்கிறபோது ஒவ்வொரு படுக்கையாக நின்று சீட்டைப் படித்து, மருந்து பெயரை வாய்விட்டுச் சொல்லி, கையில் இருக்கிற ஆம்பியூலைத் திருப்பி லேபிளைக் காட்டி அடுத்தவரிடம் கொடுப்போம். அடுத்தவர் அதை மறுபடி வாய்விட்டுப் படிக்க வேண்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஆனாலும் அதை விட மாட்டோம். படுக்கையில் இருப்பவன் நல்லவனா கெட்டவனா என்று எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்த அம்மா செய்தது நூற்றுக்கு நூறு சரி. அதற்குத்தான் கதை அவர் உயிரைக் கேட்கிறது. இந்தக் கொடுமையை அப்பாவும் மகனும் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கொலைகாரனைப் பிடிப்பதிலேயே படம் ஓடிவிடுகிறது. இரண்டாம் பாதியில் எனக்கு அதுதான் ஆற்றாமை.

2016-ல் இதே கதையைத் தொடராக எடுத்தபோது மகனை மகளாக மாற்றினார்கள். மகள் போலீஸ், அப்பாவோடு பேசுகிறாள். முதல் சில பகுதிகள் பார்த்தேன். பெண் பிள்ளை அப்பாவிடம் கோபப்படுவது வேறு மாதிரி இருக்கிறது, அதையும் பாருங்கள்.

திருநகர்வாசி:

அக்கா, நீங்கள் சொன்ன பிறகு அந்த மருத்துவமனைக் காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தோம். முதல் தடவை கவனிக்காமலே கடந்திருக்கிறோம், ஒரு நிமிடம்கூட இருக்காது. பையன் சொன்னான், "அந்த அம்மா அன்னைக்கு லீவு போட்டிருந்தா படமே இல்லப்பா" என்று.

பசுமலை ஐயா, நீங்கள் எழுதியதில் பொத்தான் விஷயத்தைப் படித்ததும் என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவரும் பீடி குடிப்பார். கடையில் குங்கிலியப் புகையும் பீடிப் புகையும் கலந்தே இருக்கும், எது எதென்று தெரியாது. விடச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய உறவாக அது இல்லை. ஆனால் இலங்கை வானொலி எடுக்கிறதா என்று அவர் முள்ளைத் திருப்பும்போது பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் அங்கிட்டு" என்று சொல்கிற உரிமை எனக்கு இருந்தது. நான் சொன்னால் திருப்புவார்.

பையன் இன்னொரு கேள்வி கேட்கிறான். கடந்த காலம் மாறினால் படத்து மகனுக்கும் புது ஞாபகம்தானே இருக்க வேண்டும், பழையதும் எப்படி இருக்கிறது?

நாகமலை இயற்பியல்:

முதுகலை மாணவி, இதற்கு நான் சொல்கிறேன். இயற்பியலில் இதற்கு விடை கிடையாது, கதை தனக்காகப் போட்டுக்கொண்ட விதி அது. கடந்த காலத்துக்குச் செய்தி அனுப்ப முடிந்தால் காரணமும் விளைவும் பின்னிக்கொள்ளும். அப்பா பிழைத்துவிட்டால் மகனுக்கு அவரைக் காப்பாற்ற வேண்டிய காரணமே இல்லை, பிறகு யார் எச்சரித்தது? இதற்கு இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, எதையும் மாற்றவே முடியாது, நடந்ததுதான் நடக்கும். இன்னொன்று, மாற்றிய நொடியில் வேறொரு கிளை பிரிகிறது. படம் இரண்டையும் எடுத்துக்கொள்ளாமல், மகன் ஒருவனுக்கு மட்டும் இரண்டு ஞாபகமும் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறது. மற்றவர்களுக்குப் புதியது மட்டும்தான். எனக்கு இந்த விதி பிடிக்கும். அப்பா இல்லாமல் வளர்ந்த வருடங்களை அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை.

இன்னொன்று: படத்தில் டிவி பேட்டியில் வருகிற இயற்பியலாளர் நடிகர் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் கிரீன், தானாகவே வருகிறார். உங்கள் மகனிடம் அந்த இடத்தை நிறுத்திக் காட்டுங்கள்.

பசுமலை ஹாம்:

செட்டு விஷயம் சொல்லாமல் விட்டிருந்தேன். தம்பி, பல வருடம் கரண்ட் படாத வால்வு செட்டில் கண்டன்சர்கள் செத்திருக்கும், குறிப்பாகப் பெரிய ஃபில்டர் கண்டன்சர். நேரே போட்டால் வெடிக்கும், இல்லை டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். எரிந்தால் அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவீர்கள்? கண்டன்சர்களை மாற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுத்தான் முதலில் கரண்ட் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு நொடி எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே 250 வோல்ட்டுக்குக் குறையாமல் டிசி ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் சார்ஜ் நிற்கும், அதை இறக்காமல் கை வைக்கக் கூடாது. பையன் இருக்கிற வீடு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பேசாமல் என்னிடம் கொண்டுவாருங்கள். பின்பக்க அட்டையைத் தனியே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், அதற்கு ஒரு கீறல் விழக் கூடாது.

அதில் மீடியம் வேவும் சிற்றலை ஒலிபரப்பும் எடுக்கும். ஹாம்கள் பேசுவது அதில் வாத்துக் கத்துகிற மாதிரிதான் விழும், ஏனென்றால் நாங்கள் அனுப்புவது வேறு முறை, சிங்கிள் சைடுபேண்ட். கேட்க மட்டும் ஆசை என்றால் பையனுக்கு ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகினால் லேப்டாப்பையே ரேடியோவாக்குகிற சின்னக் கருவி) வாங்கி லேப்டாப்பில் போட்டுக் கொடுங்கள். 7 மெகாஹெர்ட்ஸ், அதாவது 40 மீட்டர், எடுக்கிற மாடலா என்று பார்த்து வாங்குங்கள், சிலது எடுக்காது. மொட்டை மாடியில் பக்கத்துக்குச் சுமார் 10 மீட்டர் வீதம் இரண்டு பக்கமும் செம்புக்கம்பி இழுத்து, நடுவில் கோஆக்ஸ் கேபிள் கொடுத்தால் 40 மீட்டருக்கு ஆன்டெனா ரெடி. கரண்ட் கம்பி போகிற பக்கம் மட்டும் வேண்டாம். காலையில் தமிழ்க் குரல்கள் கேட்கும். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விண்வெளி வீரர்கள் ஹாமில் பேசுவது 145.8 மெகாஹெர்ட்ஸில் வரும், தலைக்கு மேலே கடக்கிற சில நிமிடங்களுக்கு அதையும் பிடிக்கலாம்.

பேச வேண்டுமென்றால் உரிமம் வேண்டும். 12 வயது முடிந்திருந்தால் போதும். வானலைகளைக் கவனிக்கிற மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவு பரீட்சை வைக்கிறது: ரேடியோ தத்துவம் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்கிற ஆரம்ப நிலை உரிமத்துக்கு மோர்ஸ் (புள்ளி, கோடுகளால் செய்தி அனுப்புகிற முறை) தேவையில்லை, அவன் அதிலேயே ஆரம்பிக்கலாம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ஒழுங்காகப் படிக்கிற பையனுக்குத் தத்துவம் கஷ்டமே இல்லை. விதிமுறையை நான் சொல்லித் தருகிறேன். நீங்களும் சேர்ந்தே விண்ணப்பம் போடுங்கள், அவனை மட்டும் அனுப்பாதீர்கள். ஞாயிறு காலை நானும் மகனும் பேசி முடித்த பிறகு, ஒரு பத்து மணிக்கு மேல் வந்தால் வீட்டில்தான் இருப்பேன். வீட்டு விவரம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.